சின்சில்லாவும் எங்கள் ஊர் ஆட்டுக்கொட்டிலும்

1923ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் நாள் கலிபோர்னியாவின் சான் பெட்ரோ துறைமுகத்தில் ஒரு கப்பலிலிருந்து பதினொரு சிறு விலங்குகள் இறக்கப்பட்டன. அணிலிலும் பெரிது, முயலிலும் சிறிது, சாம்பல் நிறம், பட்டினும் மெல்லிய உரோமம். அவற்றைக் கொண்டுவந்தவர் மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியியலாளர். சிலி நாட்டின் செப்புச் சுரங்கத்தில் பணியாற்றியபோது இவ்விலங்கைக் கண்டு ஆசைப்பட்டவர், ஆட்களை அமர்த்தி அந்தீஸ் மலையில் ஏறக்குறைய மூன்றாண்டுகள் தேடியலைந்தும் இவ்வளவைத்தான் உயிரோடு கொண்டுவர முடிந்தது. உச்சிமலைக் குளிருக்குப் பழகிய உயிர்களைத் திடீரெனக் கடல்மட்டத்துக்கு இறக்கினால் செத்துவிடும் என்பதனால், அவற்றைப் படிப்படியாகக் கீழே கொண்டுவந்து, கப்பலிலும் பனிக்கட்டி வைத்துக் குளிரூட்டி வந்திருக்கிறார். இன்று வட அமெரிக்க வீடுகளில் கூட்டுக்குள் வளரும் சின்சில்லாக்களில் மிகப் பெரும்பாலானவை அந்தப் பதினொன்றின் வழித்தோன்றல்கள் என்பர்.

இந்த வரலாற்றை நான் தேடிப் படித்தது ஸ்காபரோவில் உறவினர் ஒருவர் வீட்டில் இவ்விலங்கைக் கண்ட பின்னர்தான். அந்த வீட்டுச் சிறுமி, "தாத்தா, இதை உரும்பிராய்க்குக் கொண்டுபோய் வளர்க்கலாமோ?" என்று கேட்டாள். முடியாது என்று ஒரு சொல்லில் கூறிவிட்டேன். ஆனால் ஏன் முடியாது, எங்கள் ஊரில் பின் எதை வளர்த்தோம், வளர்த்தவை என்னவாயின என்பதெல்லாம் ஒரு சொல்லில் அடங்குவன அல்ல.

முதலில் விலங்கைப் பற்றி. சின்சில்லா என்ற பெயர் பெருவின் தென்பகுதியில் வாழ்ந்த சிஞ்சா மக்களின் பெயரிலிருந்து வந்தது என்பது பொதுவான கருத்து. ஸ்பானியர் வருமுன்பே அந்தீஸ் மக்கள் இதன் தோலை அணிந்தார்கள், இறைச்சியையும் உண்டார்கள். அழிவு தொடங்கியது ஐரோப்பியச் சீமாட்டிகள் இதன் மேலங்கியை விரும்பத் தொடங்கிய 19ஆம் நூற்றாண்டில். ஒரு மேலங்கிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட தோல்கள் தேவைப்படும். மனிதத் தலையில் ஒரு துளையிலிருந்து ஒன்றிரண்டு மயிர் முளைக்கும் என்றால், இதன் தோலில் ஒரு துளையிலிருந்து ஐம்பது, அறுபது மயிர்கள் முளைக்கின்றன. பேன்கூட அதற்குள் வாழ இயலாது என்பார்கள். அந்த அடர்த்தியே அதற்கு எமனாயிற்று. சிலியிலிருந்து இலட்சக்கணக்கில் தோல்கள் கப்பலேறின. 1910இல் சிலி, பொலிவியா, பெரு, ஆர்ஜென்டினா ஆகிய நாடுகள் கூடி வேட்டையைத் தடுக்க உடன்படிக்கை செய்தபோது, தடுப்பதற்கு மலையில் அதிகம் எஞ்சியிருக்கவில்லை. 1983இல் சிலி அரசு இயாப்பெல் நகருக்கு அண்மையில் இவற்றுக்கென ஒரு காப்பகத்தை அமைத்தது. காட்டுச் சின்சில்லா இன்றும் அருகிவரும் உயிரினப் பட்டியலில்தான் உள்ளது. வீட்டுச் சின்சில்லாவோ உலகெங்கும் பல்கிப் பெருகியிருக்கிறது. ஒரே உயிர், இரண்டு தலைவிதி. சாப்மன் அதைக் காப்பாற்றினாரா அல்லது தோல் வியாபாரத்துக்குப் பண்ணை வைத்துக் கொடுத்தாரா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இரண்டும் உண்மை என்பதே என் கருத்து. அவர் கொண்டுவந்ததும் தோலுக்காகத்தான். செல்லப் பிராணி என்ற பதவி பின்னால் வந்தது. இந்தியா 2017 சனவரியில் சின்சில்லா, மிங்க், நரி ஆகியவற்றின் உரோமத்தோல் இறக்குமதியைத் தடைசெய்தது.

இனி வளர்ப்பு. ஸ்காபரோ வீட்டில் நான் கண்டதையும் பின்னர் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இதற்குத் தண்ணீரில் குளிப்பு ஆகாது. உரோமம் நனைந்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே எரிமலைச் சாம்பல் போன்ற நுண்ணிய தூளை ஒரு கிண்ணத்தில் இட்டு வாரத்தில் இரண்டு மூன்று தடவை வைக்க வேண்டும். அதற்குள் புரண்டு, சுழன்று, அது தன்னைத் தானே துப்புரவாக்கிக் கொள்ளும். கால் மணி நேரத்தில் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும். மிகுந்தால் தோல் வறண்டுவிடும். உணவு பெரும்பாலும் காய்ந்த புல். பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும் இனம் ஆதலால், புல்லும் மரத்துண்டும் கொறித்து அவற்றைத் தேய்த்தாக வேண்டும். இல்லையேல் பல் வளைந்து வாயைக் குத்தி, உண்ண முடியாமல் பட்டினி கிடந்து சாகும். பிள்ளைகள் அன்பினால் கொடுக்கும் முந்திரிகை வற்றலும் கச்சானும் அதற்கு நஞ்சுக்கு அடுத்த நிலை. அழுத்திப் பிடித்தால் பிடித்த இடத்து உரோமத்தைக் கொத்தாக உதிர்த்துவிட்டு ஓடும். காட்டில் பருந்தின் நகத்திலிருந்து தப்பிய பழக்கம் அது. பகலில் உறங்கும், இரவில் விழித்திருந்து குதிக்கும். நன்றாகப் பார்த்தால் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழும். பத்து வயதுச் சிறுமிக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுத்தால், அவளுடைய கல்யாணத்திலும் அது கூட்டுக்குள் இருக்கக் கூடும். வாங்கும்போது இதை எண்ணிப் பார்ப்பவர் குறைவு.

எல்லாவற்றுக்கும் மேலாக வெப்பம். 25 பாகை செல்சியசுக்கு மேலே அறை சூடேறினால் இதற்கு ஆபத்து தொடங்கிவிடும். காற்றில் ஈரப்பதன் சேர்ந்தால் இன்னும் விரைவாக. வியர்வையால் உடலைக் குளிர்விக்கும் வழி அதற்கு இல்லை. அந்த மயிர்ப்போர்வையைக் கழற்றவும் முடியாது. உரும்பிராயில் சித்திரை வைகாசியில் பகல் வெப்பம் 33 பாகையைத் தாண்டும். மார்கழி விடியலில்தான் நாங்கள் 'குளிர்' என்று சொல்லிப் போர்வை தேடுவோம். குளிரூட்டி இல்லாமல் சின்சில்லா அங்கே ஒரு கோடையைக் கடக்காது. குளிரூட்டிக்கு மின்சாரம் வேண்டும். 1990களில் குடாநாட்டுக்குத் தேசிய மின்வலையின் இணைப்பே இருக்கவில்லை. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் குப்பி விளக்கு ஏற்றிப் படித்த தலைமுறை எங்கள் பிள்ளைகளுடையது. இன்று மின்சாரம் இருக்கிறது. ஆயினும் ஒரு மின்தடையில் உயிர் போகக்கூடிய விலங்கை அங்கே வைத்திருப்பது வளர்ப்பு ஆகாது.

பிறநாட்டு விலங்கு எங்கள் மண்ணுக்குப் புதிதன்று. நெடுந்தீவுக் குதிரைகளைப் பலரும் படத்திலேனும் கண்டிருப்பார்கள். போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் பெருக்கி, ஆங்கிலேயர் சில காலம் நடத்திப் பின் கைவிட்ட குதிரைப் பண்ணையின் மிச்சம் அவை. ஆண்டான் போய்விட்டான், குதிரை நின்றுவிட்டது. வறட்சி முற்றும் காலங்களில் தண்ணீர் இன்றி அவை சாகும் செய்தி எங்கள் பத்திரிகைகளில் மீண்டும் மீண்டும் வந்திருக்கிறது. 2015இல் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மன்னாரின் கழுதைகளுக்கும் இதே கதைதான்: அராபிய வணிகர் கொண்டுவந்த சுமைவிலங்கு, சுமை இல்லாத காலத்தில் தெருவில் அலைகிறது.

உரும்பிராய் அவற்றைப் போல விலங்குக்குப் பெயர்போன ஊரன்று. அதன் பெயர் செம்மண்ணுக்கு. பலாலி வீதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வடக்கே போகும்போது, கோண்டாவிலைக் கடந்ததும் நிலத்தின் நிறம் மாறுவதைக் கவனிக்கலாம். வெங்காயம், மரவள்ளி, வாழை, புகையிலை, உருளைக்கிழங்கு எல்லாம் கிணற்றுத் தண்ணீரில் விளைந்தவை. அரசியல் அறிந்தவர்களுக்கு இவ்வூர் 1974 ஜூன் 5ஆம் நாள் உயிர்நீத்த பொன். சிவகுமாரனின் ஊர், பக்தர்களுக்குக் கருணாகரப் பிள்ளையார் கோயிலின் ஊர். ஆனால் அந்தச் செம்மண் விளைந்ததற்குக் காரணம் கொட்டிலில் நின்ற மாடும் ஆடும் என்பதை யாரும் தனியாகச் சொல்வதில்லை.

இரசாயன உரம் பரவலாக வருமுன் எங்கள் தோட்டங்கள் எருவை நம்பி நின்றன. நிலத்துக்கு ஓய்வு கொடுக்கும் காலத்தில் மாட்டுப்பட்டி, செம்மறிப்பட்டி கட்டுவார்கள். இரவில் மந்தையை அடைத்து, சில நாட்களுக்கு ஒருமுறை பட்டியை அடுத்த துண்டுக்கு நகர்த்துவார்கள். தோட்டம் முழுவதும் எரு விழும். வீட்டு ஆடு வேறு. அது மந்தையில் போவதில்லை. வளவின் கோடியில், கிடுகு வேய்ந்த கொட்டிலில், கட்டையில் கட்டி நிற்கும். வேலியே அதற்கு உணவுக் களஞ்சியம். பூவரசு, முள்முருக்கு, கிளுவை, சீமைக்கிளுவை என்று எங்கள் வேலிக் கதிகால்களில் பெரும்பாலானவை ஆடு தின்பவை. கொக்கத்தடியால் குழை ஒடித்துக் கட்டாகக் கட்டித் தொங்கவிட்டால், முன்னங்கால்களைத் தூக்கி நின்று தின்னும். நிலத்தில் போட்டால் மிதித்துவிட்டுத் தின்னாது, அவ்வளவு கர்வம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குழை ஒடிப்பது பிள்ளைகளின் வேலை. பலாவிலை கிடைத்தால் விருந்து.

சாதாரண ஊராட்டோடு ஜமுனாபாரிக் கலப்பும் பின்னாளில் பரவியது. தொங்கு காதும் வளைந்த மூக்கும் கொண்ட அந்தக் குட்டிகளுக்கு மதிப்பு அதிகம். மறியாடு ஐந்து மாதம் சுமந்து இரண்டு குட்டி ஈனும். (சின்சில்லா நூற்றுப் பதினொரு நாள் சுமக்கிறது, அந்தச் சிறு உடம்புக்கு அது பெரிய காலம். குட்டி கண்திறந்து, உரோமத்தோடு பிறக்கிறது.) ஆட்டுப்பால் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கும் நோயாளி உள்ள வீடுகளுக்கும் போகும். கிடாயைப் பிள்ளைகளின் சோதனைக் கட்டணத்துக்கோ, மகளின் சாமத்தியச் சடங்குக்கோ, திடீர் வைத்தியச் செலவுக்கோ விற்பார்கள். வங்கிக் கணக்கு இல்லாத கைம்பெண்கள் பலருக்கு அந்தக் கொட்டிலே வங்கி. ஆண்கள் தோட்டத்தையும் மாட்டையும் பார்த்தார்கள். ஆடும் கோழியும் பெரும்பாலும் பெண்களின் சொத்து. எங்கள் பெண்களின் பொருளாதார வரலாற்றை எழுதுவோர் ஆட்டுக்கொட்டிலில் இருந்து தொடங்கலாம்.

வேள்விக்கென்று கிடாய் வளர்ப்பதும் உண்டு. அதற்குத் தனிக் கவனிப்பு. தவிடும் பிண்ணாக்கும் குறையாது. ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டிலேயே கோயில்களில் உயிர்ப்பலியைக் கடுமையாகக் கண்டித்தார். 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் ஆலயங்களில் மிருகபலிக்குத் தடை விதித்தது. இதன் நியாய அநியாயத்தை இன்னொரு முறை பேசலாம். இங்கே ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: எங்கள் ஆச்சிமார் வெட்டப்படப் போகும் கிடாய்க்கும் பெயர் வைத்தார்கள், கொண்டுபோகும் நாளில் அடுப்படிக்குள் போய் நின்றார்கள்.

செல்லத்துக்கென்று வளர்ந்தவை வேறு. தென்னையிலிருந்து விழுந்த அணிற்பிள்ளைக்குப் பஞ்சுத் திரியில் பால் ஊட்டி, சட்டைப் பைக்குள் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோன பையன்கள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். சின்சில்லாவும் அணிலும் கொறிக்கும் இனத்தின் தூரத்து உறவினர்தாம். அணில் வளர்ந்ததும் ஒரு காலையில் கூரைமேல் ஏறிவிடும், பிறகு வராது. யாரும் அதைத் திருட்டு என்று கருதியதில்லை. கிளியைக் கூட்டில் அடைத்துச் சிறகு வெட்டியவர்களும் உண்டு. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் காட்டுயிரைப் பிடித்து வளர்ப்பதைத் தடுக்கின்றன. அந்நாளில் சட்டம் எங்கள் ஒழுங்கைகளுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. நாயைச் செல்லப் பிராணி என்று யாரும் சொல்லவில்லை. அது வீட்டுக்காரர்களில் ஒருவர். ஆனால் வீட்டுக்குள் வரக்கூடாது.

இப்போது 1987க்கு வருகிறேன். அவ்வாண்டு ஒக்டோபர் 10ஆம் நாள் இந்தியப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. பலாலித் தளத்திலிருந்து நகரை நோக்கி வந்த படையினர் உரும்பிராயில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தனர். சனங்கள் நல்லூர்க் கோயிலுக்கும் பாடசாலைகளுக்கும் ஓடினார்கள். சில நாட்களில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில் மாட்டைக் கட்டியபடியே விட்டுச் சென்ற வீடுகள் இருந்தன. தொட்டியில் இரண்டு நாளுக்குத் தண்ணீர் நிரப்பி வைத்தார்கள். திரும்ப இரண்டு கிழமைக்கு மேல் ஆயிற்று. ஊருக்குள் முதலில் திரும்பியவர்களோடு போன நான், வீடுகளுக்குள் நுழையுமுன்பே காற்றில் அதை அறிந்தேன். இறந்த மனிதர்களின் கணக்கையே முழுதாக எடுக்க முடியாதிருந்த வேளையில் மாட்டின் கணக்கை யார் எடுப்பது? ஆனால் ஊர் அதிலிருந்து ஒரு பாடம் கற்றது: ஓடுவதானால் முதலில் கட்டை அவிழ்.

அந்தப் பாடம் எட்டு ஆண்டுகளின் பின் பயன்பட்டது. 1995 ஒக்டோபர் 17இல் 'ரிவிரெச' இராணுவ நடவடிக்கை தொடங்கியது. மாத இறுதியில் படை உரும்பிராய், நீர்வேலிப் பக்கம் நெருங்கியது. எங்கள் ஊரவர் ஏற்கனவே ஷெல் வீச்சினால் நகர்ப்பக்கம் ஒதுங்கத் தொடங்கியிருந்தனர். 30ஆம் நாள் மாலை வலிகாமம் முழுவதையும் விட்டு வெளியேறும்படி புலிகளின் ஒலிபெருக்கி அறிவித்தல் வந்தது. தென்மராட்சிக்குப் போக இருந்தவை இரண்டு வழிகள்: செம்மணி வழியாக நாவற்குழிப் பாலம், கோப்பாய் வழியாகக் கைதடி. ஐப்பசி மழை. நான்கு, ஐந்து இலட்சம் மக்கள் ஓரிரவில் நடந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

நான் கோப்பாய் வழியாகச் சென்றவன். சைக்கிள் கைபிடியில் கிளிக்கூடு தொங்கியதைக் கண்டேன். சாக்குக்குள் கழுத்து மட்டும் தெரியும்படி ஆட்டுக்குட்டியைக் கட்டிச் சுமந்த மூதாட்டியைக் கண்டேன். நெரிசலில் ஓர் அடி நகர ஒரு மணி நேரம் எடுத்த அந்த வீதியில் பெரிய ஆட்டையோ மாட்டையோ நடத்திச் செல்வது இயலாத காரியம். முயன்றவர்களும் பாதிவழியில் கயிற்றைக் கழற்றிவிட்டார்கள். கழற்றியபின்னும் அவை பின்னால் வந்தன. அதுதான் கொடுமை. கட்டியே வளர்த்த ஆட்டுக்குக் கயிறு இல்லாமல் எங்கே போவது என்று தெரியாது. சில வீடுகளில் நாய்கள் எல்லைவரை வந்து நின்று திரும்பிவிட்டன. நாய்க்குத் தன் எல்லை தெரியும்.

அந்த இரவைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டுள்ளது. நானும் எழுதினேன். வைத்தியசாலை நோயாளிகள், வழியில் பிறந்த பிள்ளைகள், வழியில் இறந்த முதியோர் ஆகியோரே செய்தியானார்கள். அவர்களே ஆகவும் வேண்டும். அவிழ்த்துவிடப்பட்ட கால்நடைகள் எத்தனை என்று எவரும் எண்ணவில்லை. சாவகச்சேரியில் ஒரு பாடசாலை விறாந்தையில் தங்கியிருந்தபோது, பொழுதுபடும் நேரம் பெண்கள் அமைதியாகிவிடுவதைக் கவனித்தேன். ஒருவர் சொன்னார்: "இது குழை கட்டுற நேரம், தம்பி." வேறொன்றும் சொல்லவில்லை.

1996 ஏப்ரலில் படை தென்மராட்சிக்குள்ளும் வந்த பின், மக்கள் வலிகாமத்துக்குத் திரும்பத் தொடங்கினர். ஆறு மாதத்தில் ஊர் காடாகியிருந்தது. வேலிக் கதிகால்கள் வெட்டுவாரின்றி மரமாக எழுந்து நின்றன. ஆடு, மாடு பலவற்றைக் காணவில்லை. எவர் தின்றார், எவர் கொண்டுபோனார், எவை ஷெல்லில் மாண்டன என்பதைப் பிரித்தறிய வழியில்லை. எஞ்சியவை வெறும் வளவுகளில் கூட்டமாக மேய்ந்து, மனிதரைக் கண்டால் விலகி ஓடின. ஆறு மாதத்தில் அவை நெடுந்தீவுக் குதிரைகளாகியிருந்தன.

மாட்டுக்கு உரிமை நிலைநாட்டுவது எளிதாயிருந்தது. எங்கள் நாட்டில் மாட்டுக்குக் குறி சுடுவது பழைய வழக்கம். 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டமும் குறியையும் உரிமைச் சீட்டையும் வற்புறுத்துகிறது. சீட்டு வீட்டோடு எரிந்திருந்தாலும் தொடையில் முதலெழுத்து இருந்தது. இல்லாத காலத்தில் பிறந்த கன்று யாருக்கு என்ற வழக்குகூட எங்கள் ஒழுங்கையில் எழுந்தது. தாயின் குறியைப் பார்த்துப் பெரியவர்கள் தீர்த்து வைத்தார்கள்.

ஆட்டுக்குக் குறி இல்லை. எங்கள் ஒழுங்கைக் கடைசி வீட்டு அம்மா, திரும்பி வந்த நாளிலிருந்து ஒரு மாதம் வரை, மாலையில் குழைக்கட்டோடு வேலியோரம் நின்று தன் மறியாட்டின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வந்த ஆடுகள் உண்டு. குழையைத் தின்றுவிட்டுப் போயின. அவருடைய ஆடு வரவில்லை. அடுத்த தைப்பொங்கல் கழித்து நீர்வேலியில் ஒரு குட்டி வாங்கினார். அதற்கும் அந்தப் பெயரையே வைத்தார்.